பச்சை விளக்கு எரிந்த மூன்று நாட்கள்

ஒரு விளக்கைச் செய்ய உட்காரும்போது, அது எப்போது எரிய வேண்டும் என்றுதான் நீங்கள் முதலில் யோசிப்பீர்கள். நானும் அப்படித்தான் யோசித்தேன். எரியக் கூடாத நேரத்தில் எரிந்தால் யார் என்ன செய்வார்கள் என்ற கேள்வி எனக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் போனதன் விளைவை நான் அனுபவிக்கவில்லை. கரடியூர் என்ற மலைக் கிராமத்தில் ஒரு பெண் அனுபவித்தார்.

மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். கருவிகளைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நான் முப்பது ஆண்டுகளில் தட்டுத் தடுமாறிக் கற்றதை நீங்கள் கல்லூரியிலேயே படித்துவிட்டீர்கள். ஆகவே நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். அது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். சேலத்தில் மின்னணுவியல் பட்டம் முடித்துவிட்டு, ஏற்காட்டில் ஓர் அறக்கட்டளை நடத்திவந்த சிறிய மருத்துவமனையில் சேர்ந்தேன். இருபது படுக்கைகள், ஒரு டாக்டரம்மா, நான்கு செவிலியர்கள், ஒரு ஜீப். எக்ஸ்ரே முதல் தண்ணீர் மோட்டார் வரை மின்சாரத்தில் ஓடும் அனைத்தும் என் பொறுப்பு. சென்னையில் வேலை கிடைத்தும் அதை வேண்டாமென்று சொல்லி மலைக்கு வந்தவன் நான். படித்த படிப்பு வசதி இல்லாதவர்களுக்குப் பயன்பட வேண்டும் என்று உண்மையாகவே நம்பினேன். அந்த நம்பிக்கையில் இன்றும் நான் குற்றம் காணவில்லை. ஆனால் நல்லது செய்ய வந்தவனிடம் ஒரு சோம்பல் இருக்கும். நோக்கம் சரியாக இருப்பதால் வேலையும் சரியாகத்தான் இருக்கும் என்று அவன் நினைத்துக்கொள்வான்.

தடுப்பூசி மருந்துகள் இருந்த ஃபிரிட்ஜ் சரோஜாக்காவின் பொறுப்பில் இருந்தது. அவர் செவிலியர்களில் மூத்தவர். எஸ்டேட் லைன் வீடுகளுக்கும் மலைக் கிராமங்களுக்கும் ஊசி மருந்தை ஐஸ் பெட்டியில் வைத்துத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறவர். காலையில் ஒருமுறையும் மாலையில் ஒருமுறையும் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளே மாட்டியிருந்த முள் வைத்த வெப்பமானியைப் பார்த்து, நோட்டில் எழுதுவார். முள் இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் இடையில் நிற்க வேண்டும். அதிகமானாலும் மருந்து கெடும்; குறைந்து உறைந்துபோனாலும் கெடும். கர்ப்பிணிகளுக்குப் போடும் டெட்டனஸ் தடுப்பூசி மருந்து ஒருமுறை உறைந்தால் அத்துடன் முடிந்தது. உருகியபின் சட்டென்று பார்த்தால் பழையபடிதான் இருக்கும். உடம்பில் வேலை செய்யாது.

நான் வருவதற்கு முந்தைய கோடையில் ஓர் இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போய், மொத்த மருந்தும் வீணாகியிருந்தது. காலையில் கதவைத் திறக்கும்வரை யாருக்கும் தெரியவில்லை. இதைச் சரோஜாக்கா சொல்லக் கேட்டபோதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஃபிரிட்ஜுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கதவைத் திறக்காமலே வெளியே காட்டும் ஒரு விளக்கு.

மருத்துவமனையில் ஒரு பழைய கணினி சும்மா கிடந்தது. சேலத்து நிறுவனம் ஒன்று தனக்கு வேண்டாததைத் தானமாகக் கொடுத்திருந்தது. நோயாளிகளின் விவரங்களைப் பதிவதற்காக வந்தது. பதியத் தெரிந்த ஒரே பெண் திருமணமாகிப் போய்விட்டார். ஏற்காட்டு ஒண்டிக்கடை முனைக்குப் பின்புறம் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் சமையல் மேசையில், ஈயம் பற்றவைக்கும் கோலையும் ஒரு சோப்பு டப்பாவையும் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த விளக்கைச் செய்து முடித்தேன். கணினியில் பிரிண்டர் செருகும் துளையிலிருந்து வரும் அற்ப மின்சாரம் ஒரு டிரான்சிஸ்டரை இயக்கும். டிரான்சிஸ்டர் விளக்கை எரிய வைக்கும். பச்சைக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று. வெப்பத்தை உணரும் மிளகளவுப் பொருள் ஒன்று ஃபிரிட்ஜுக்குள் இருந்தது. நான் எழுதிய நிரல் அரை நிமிடத்துக்கு ஒருமுறை அதைக் கேட்டு, எல்லாம் சரியென்றால் பச்சையையும் இல்லையென்றால் சிவப்பையும் ஏற்றும். மின்தடை வந்தால் கணினி அணையாமலிருக்க ஒரு கார் பேட்டரி. இதே வேலையைச் செய்ய வெளிநாட்டிலிருந்து வரும் கருவி எங்களால் எட்ட முடியாத ஒன்று. என் விளக்குக்கு ஆன செலவு ஒரு ஜோடி செருப்பின் விலைகூட இல்லை. அதில் எனக்கு அளவில்லாத பெருமை.

சோப்பு டப்பாவை மருந்தறைக் கதவுக்கு மேலே ஆணியடித்து மாட்டிய அன்று சரோஜாக்கா இடுப்பில் கைவைத்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் கண்ணு, சோப்பு எங்க? டப்பா மட்டும் வெச்சிருக்கற?"

"சோப்பு போட்டுக் குளிச்சாச்சுக்கா. மிச்சம் இதுதான்."

"அதுசரி. இந்த விளக்குக்கு ஒடம்பு சரியில்லைன்னா எப்படித் தெரியும்?"

"எரியாதுக்கா. ரெண்டுமே எரியலைன்னா என்னைக் கூப்பிடுங்க."

"எரிஞ்சுக்கிட்டே இருந்துச்சுன்னா?"

"எரிஞ்சா நல்லா இருக்குதுன்னுதானே அர்த்தம்?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. படித்தவன் சொல்கிறான் என்று விட்டுவிட்டார். அந்தக் கேள்வியில் ஒரு பொறியாளன் கேட்க வேண்டிய அத்தனையும் இருந்தது. பிரிண்டர் செருகும் அந்தத் துளை, கடைசியாகத் தனக்குச் சொல்லப்பட்டதை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும். பச்சை என்று சொன்ன பிறகு நிரல் நின்றுபோனாலும் பச்சை எரிந்துகொண்டேதான் இருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அவர் கேட்டதையும் எனக்குத் தெரிந்ததையும் ஒன்றாக வைத்து யோசிக்கவில்லை.

அன்று நான் இன்னும் இரண்டு விஷயங்கள் சொன்னேன். கதவை அடிக்கடி திறந்தால் குளிர் வெளியேறும், பச்சை எரிந்தால் திறக்கவே வேண்டாம் என்பது ஒன்று. அந்த வெப்பமானி பழையது, முள் ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே காட்டும், விளக்குத்தான் துல்லியம் என்பது மற்றொன்று. இரண்டும் அந்த நேரத்தில் உண்மையாகவே இருந்தன. கருவி செய்கிறவர்கள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. நம் கருவியைப் பற்றிச் சொல்லும் உண்மையால் மற்றவர்களின் பழக்கத்தைக் கலைத்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

நான்கு மாதம் விளக்கு நன்றாக வேலை செய்தது. கூட்டுகிற அம்மாள் ஒருமுறை ஃபிரிட்ஜின் பிளக்கைக் காலால் தட்டிவிட்டபோது, சிவப்பு எரிந்து மருந்தைக் காப்பாற்றியது. அன்றோடு எல்லோருக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. சரோஜாக்காவின் நோட்டில் எண்கள் நின்றுபோய், 'பச்சை', 'பச்சை' என்று வரிசையாக வந்தது. டாக்டரம்மா வாரக் கடைசியில் அதன் அடியில் கையெழுத்திட்டார்.

அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. நான் சேலத்தில் அம்மாவைப் பார்க்கப் போனேன்.

மூன்றாம் நாள் மதியப் பேருந்தில் திரும்பினேன். அடிவாரத்தில் ஏறும்போது தூறல். மேலே வந்தபோது நல்ல மழைக் குளிர். மருத்துவமனை வாசலில் வாழைக்கன்றுகள் இன்னும் கட்டியிருந்தன. மருந்தறைக் கதவுக்கு மேலே பச்சை எரிந்துகொண்டிருந்தது. சோப்பு டப்பாவின் நெற்றியில் குங்குமப் பொட்டு. பார்த்ததும் சிரிப்பு வந்தது.

கணினியின்மேல் பூப்போட்ட துணி போர்த்தியிருந்தது. எடுத்தேன். திரையில் நிரல் அச்சிடும் நேரம் மூன்று நாள் முன்பு மாலை ஐந்தே காலில் நின்றிருந்தது.

விசைப்பலகையின் நான்கு மூலையிலும் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். வலது மேல் மூலையில் இருந்த விசை, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அப்படியே நிறுத்தி வைப்பதற்கானது. சந்தனம் வைத்த விரல் அதை அழுத்தியிருக்கிறது; சந்தனம் அதன்மேல் காய்ந்து வெடித்திருந்தது. பூஜையன்று ஆயுதங்களை வேலை வாங்கக் கூடாது என்பதால் அன்றும், தொடுகிற நான் ஊரில் இல்லாததால் அதற்குப் பிறகும் யாரும் அதைத் தொடவில்லை. அந்த மூன்று நாளில் ஒருமுறை மின்சாரம் தடுமாறி பேட்டரியும் தீர்ந்திருந்தால், கணினி அணைந்து, தானே எழுந்து, நிரலை மறுபடி ஓட்டியிருக்கும். தினம் மூன்றுமுறை மின்சாரம் போகிற ஊரில் அந்த மூன்று நாளும் போகவில்லை.

ஒரு விசையைத் தட்டினேன். நிரல் விழித்துக்கொண்டது. தலைக்கு மேலே பச்சை அணைந்து சிவப்பு எரிந்தது. திரையில் பூஜ்யத்துக்குக் கீழே நான்கு டிகிரி.

ஃபிரிட்ஜைத் திறந்தேன். குளிரைக் கட்டுப்படுத்தும் பொறி ஒட்டிக்கொண்டு, மோட்டார் ஓயாமல் ஓடியிருக்கிறது. பின்சுவர் முழுவதும் பனி. மருந்துப் புட்டிகள் இருந்த தட்டில் பாதி காலியாக இருந்தது.

"சரோஜாக்கா எங்கே?" என்று கேட்டேன்.

"கரடியூருக்குங்க. இன்னிக்கு ஊசி நாள் இல்லீங்களா?" என்றார் வார்டில் இருந்த பெண்.

சரோஜாக்கா நாலரை மணிக்குத் திரும்பி வந்தார். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார். அவர் முகமும் சரியில்லை.

"முள்ளு கீழ நின்னுச்சு கண்ணு," என்றார், நான் கேட்பதற்கு முன்பே. "காலைல மருந்து எடுக்கறப்ப பாத்தேன். பூஜ்யத்துக்குக் கீழ நின்னுச்சு. புட்டியில பனி ஒட்டியிருந்துச்சு. வெளிய வந்து உன் விளக்கைப் பாத்தேன். பச்சையா எரிஞ்சுது. மறுபடி உள்ள போயி முள்ளைப் பாத்தேன். ரெண்டு தடவை போயிட்டு வந்தேன்."

"அப்புறம்?"

"பழைய முள்ளு, முன்ன பின்னதான் காட்டும்னு நீதான சொன்ன? கையில வெச்சு உருட்டுனேன், பனி போயிருச்சு. கொண்டு போயிட்டேன்."

அவருக்கு இருபது வருடப் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் அன்று காலையில் அவரைச் சரியாகவே எச்சரித்தது. என் சோப்பு டப்பா அதை வாயடைத்துவிட்டது. இந்த ஓர் இடத்தை மட்டும் நீங்கள் மறக்காமலிருந்தால் போதும். அவர் கவனக்குறைவாக இல்லை. இரண்டு தடவை உள்ளேயும் வெளியேயும் நடந்தார்.

கரடியூரில் அன்று பதினொரு கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் ஊசி போட்டிருந்தார். டாக்டரம்மா மிச்சமிருந்த புட்டி ஒன்றைக் குலுக்கி மேசைமேல் வைத்தார். நல்ல மருந்து பால் கலந்த தண்ணீர்போல நெடுநேரம் கலங்கியே இருக்கும். இது கண்ணெதிரே பிரிந்தது. வெள்ளைத் துகள்கள் அடியில் படிந்தன; மேலே தெளிந்த நீர் நின்றது.

"இதால கெடுதல் ஒண்ணும் வராது," என்றார் டாக்டரம்மா. "பலனும் வராது. ஊசி போடாத மாதிரிதான்."

"பத்துப் பேருக்கு நாள் இருக்குதுங்கம்மா. அடுத்த மாசம் போட்டுக்கலாம்," என்றார் சரோஜாக்கா. "பழனியம்மாவுக்குத்தான் நாளில்லை. எட்டாம் மாசம். இது அவளுக்கு ரெண்டாவது ஊசி, கடைசி ஊசி."

பழனியம்மாவை எனக்குத் தெரியாது, சரோஜாக்கா சொன்னார். கரடியூரில் சாமையும் கொஞ்சம் காப்பியும் பயிரிடும் குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் பிறந்த முதல் குழந்தை எட்டாம் நாள் பால் குடிக்காமல் வாய் இறுகி, உடம்பு வில்லாக வளைந்து, இரண்டு நாளில் இறந்தது. தொப்புள்கொடியை வீட்டில் கதிர் அறுக்கும் அரிவாளால் அறுத்திருந்தார்கள். தாயின் உடம்பில் மருந்து இருந்தால் குழந்தைக்கு அந்த டெட்டனஸ் வராது. இதைச் சரோஜாக்கா சொல்லிக் கேட்டு, வீட்டாரை மீறி ஊசிக்கு வந்தவர் பழனியம்மா. முதல் ஊசி ஒரு மாதத்துக்கு முன் நல்லபடியாகப் போடப்பட்டது. அது ஒன்று மட்டும் போதாது.

ஜீப்பைச் சேலத்துக்கு அனுப்பிப் புது மருந்து கொண்டுவரச் சொன்னார் டாக்டரம்மா. பிறகு கதவைச் சாத்தினார்.

"நாளைக்குப் போயி, இன்னொரு சத்து ஊசி போடணும்னு சொல்லிப் போட்டுட்டு வந்துடுங்க. கூட ஒண்ணு போடுறதால தப்பில்லை."

"என்ன நடந்ததுன்னு சொல்ல வேண்டாமாங்கம்மா?" என்றேன்.

"சொன்னா போட்டுக்குவாங்களா?"

"அவங்க உடம்புல போட்டது என்னன்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கு உரிமை இல்லீங்களா?"

"உரிமையைப் பத்தி எனக்கும் தெரியும் தம்பி. நான் அந்த மலையில ஊசின்னு சொன்னா நாய அவுத்து விட்ட காலத்துல இருந்து போய்க்கிட்டு இருக்கறேன். பதினோரு பேரு கை நீட்டணும். எனக்கு இப்ப அது மட்டும்தான் வேணும்."

நான் விடவில்லை. பொய் சொல்லி ஊசி போடுவது அவர்களை மாடுகளாக நடத்துவது என்றேன். நாளை வேறு வழியில் தெரியவந்தால் இதுவரை சேர்த்த நம்பிக்கை எல்லாம் போகும் என்றேன். என் தவறை நானே போய்ச் சொல்கிறேன் என்றேன். பேசப்பேச எனக்குள் ஒருவித நிம்மதி வந்ததை இப்போது நினைத்துப் பார்க்கிறேன். தவறு செய்தவனுக்கு அதை ஒப்புக்கொள்வதைப் போன்ற ஆறுதல் வேறில்லை. அந்த ஆறுதலை நான் யாருடைய செலவில் தேடிக்கொண்டேன் என்று அன்று யோசிக்கவில்லை.

டாக்டரம்மா அந்தப் புட்டியை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். "சரி. நீங்களே சொல்லுங்க," என்றார்.

மறுநாள் காலை கரடியூர்ப் பள்ளிக்கூடத்துத் தாழ்வாரத்தில் பதினொரு பேரும் வந்திருந்தார்கள். வீட்டார் சிலரும் வந்திருந்தார்கள். நான் எழுந்து நின்று சொன்னேன். நேற்றுப் போட்ட மருந்து குளிரில் உறைந்து கெட்டுப்போனது. கெடுதல் வராது, பலனும் வராது. மருந்து கெட்டதைக் காட்ட வேண்டிய விளக்கு காட்டவில்லை. அதைச் செய்தவன் நான். சரோஜாக்காமேல் தவறில்லை. இன்று புது மருந்து கொண்டுவந்திருக்கிறோம்.

யாரும் சத்தம் போடவில்லை. வயதான பெண் ஒருவர் மட்டும் கேட்டார்.

"ஏன் சாமி, ஊசிக்கு எதுக்கு விளக்கு? கண்ணு தெரியாதவங்களா போட்டாங்க?"

சிலர் சிரித்தார்கள். சரோஜாக்கா தலை குனிந்திருந்தார்.

பழனியம்மாவின் கணவர் வெள்ளையன் முன்னால் வந்தார். கோபமாக வரவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"நேத்து போட்டது தண்ணிங்கறீங்க."

"ஆமாங்க. தண்ணி மாதிரிதான்."

"இன்னிக்குக் கொண்டாந்தது தண்ணி இல்லைன்னு எப்படிங்க தெரியும்?"

"இது நேத்து சாயங்காலம் சேலத்துல இருந்து வந்ததுங்க. நான் பாத்தேன்."

"நேத்து இந்தம்மாவும் பாத்துட்டுத்தானுங்களே போட்டாங்க?"

அவருடைய நியாயத்தில் ஓர் ஓட்டையும் இல்லை. எங்களை நம்புவதற்கு எங்கள் வார்த்தையைத் தவிர வேறெதையும் நான் கொண்டுபோயிருக்கவில்லை. அந்த வார்த்தையைத்தான் ஒரு நிமிடம் முன்பு நானே உடைத்துப் போட்டிருந்தேன்.

"போலாம் வா," என்றார் மனைவியிடம். "ஊட்ல வேலை கெடக்குது."

பழனியம்மா எழவில்லை. சரோஜாக்காவைப் பார்த்தார். சரோஜாக்கா, "போட்டுக்க கண்ணு, நான் சொல்றேன், போட்டுக்க," என்றார். அப்படி ஒரு குரலில் அவர் கெஞ்சி நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. பழனியம்மாவின் மாமியார் வந்து தோளைத் தொட்டார். பழனியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து போனார். அவரோடு இன்னும் மூன்று பேர் எழுந்தார்கள். ஏழு பேர் கை நீட்டினார்கள்.

அந்த மூவரையும் அடுத்த இரண்டு மாதங்களில் சரோஜாக்கா எப்படியோ பேசிச் சம்மதிக்க வைத்தார். பழனியம்மா வீட்டுக்கு ஆறு முறை நடந்தார். கதவு திறந்தது, காப்பி கொடுத்தார்கள், ஊசிக்குச் சம்மதிக்கவில்லை. பிரசவத்துக்காவது மருத்துவமனைக்கு வரச் சொன்னார். சரி என்றார்கள். நவம்பர் கடைசியில், எதிர்பார்த்ததற்கு முன்பாக, மழை பெய்துகொண்டிருந்த ஒரு பகலில் வலி வந்தது. ஆண் குழந்தை. வீட்டிலேயே பிறந்தது.

ஒன்பதாம் நாள் வெள்ளையன் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடிவந்தார். நான் தாழ்வாரத்தில் நின்றேன். குழந்தையின் வாய் இறுகியிருந்தது. யாராவது கதவைச் சாத்தினாலும் அந்தச் சின்ன உடம்பு விறைத்து வளைந்தது. அறையை இருட்டாக்கி, எல்லோரையும் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னார் டாக்டரம்மா. தொலைவில் ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினேன். அந்தக் குழந்தைக்காக என்னால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். மறுநாள் மதியம் இறந்தது.

நல்ல மருந்தாக இருந்திருந்தாலும் காப்பாற்றியிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. எனக்காகச் சொன்னார் என்று நினைக்கிறேன். சத்து ஊசி என்று சொல்லிப் போட்டிருக்கலாமே என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான்தான் எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இத்தனை வருடங்களாக. பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னது சரி என்றும் நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியவில்லை. ஒன்று மட்டும் தெரியும். அந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு ஒரு மருத்துவரை நான் கொண்டுவந்து நிறுத்தியிருக்கக் கூடாது. அது சமையல் மேசையிலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை.

விளக்கைக் கழற்றி எறிந்துவிடலாம் என்றேன். சரோஜாக்கா சம்மதிக்கவில்லை. "ராத்திரியில யாரு பாப்பா? இருக்கட்டும். திருத்து," என்றார். திருத்தினேன். நிரல் ஒவ்வொரு சுற்று ஓடும்போதும் பச்சையை ஏற்றி, அணைத்து, மறுபடி ஏற்ற வேண்டும். அதாவது பச்சை மினுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். மினுக்காமல் நின்று எரிந்தால் அதுவும் ஆபத்து. இதற்கு ஒரே ஒரு மாலை ஆயிற்று. ஒரு பொருளும் புதிதாக வாங்கவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம். நோட்டில் பழையபடி காலையும் மாலையும் முள் காட்டும் எண் ஏறியது. முள்ளும் விளக்கும் வேறுவேறு சொன்னால், இரண்டில் மோசமானதை நம்ப வேண்டும் என்று நோட்டின் முதல் பக்கத்தில் சரோஜாக்கா தன் கையால் எழுதி வைத்தார்.

ஒன்றரை வருடம் கழிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, புறநோயாளிகள் வரிசை கலையும் நேரத்தில், பழனியம்மா தனியாக வந்தார். கரடியூரிலிருந்து நடந்தே வந்திருந்தார். ஐந்தாம் மாதம். நான் மருந்தறை வாசலில் ஒரு பிளக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

சரோஜாக்கா அவரை உட்கார வைத்துவிட்டு, மருந்தெடுக்க உள்ளே போனார். பழனியம்மா எழுந்து பின்னாலேயே வந்து கதவருகில் நின்றார்.

"ஏனுங்க்கா, அந்தப் பொட்டிய நான் பாக்கோணும்."

சரோஜாக்கா என்னைப் பார்த்தார். மருந்தறைக்குள் வெளியார் வரக் கூடாது என்று விதி இருந்தது. அவர் ஃபிரிட்ஜைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"எதைப் பாத்துங்க தெரிஞ்சுக்கறது?"

"இந்தா, இந்த முள்ளுதான். இந்தக் கோட்டுக்கும் இந்தக் கோட்டுக்கும் நடுவுல நிக்கோணும்."

பழனியம்மா குனிந்தார். அவருக்கு எண்கள் தெரியாது. முதல் கோட்டின்மேல் ஒரு விரலையும் இரண்டாவது கோட்டின்மேல் ஒரு விரலையும் வைத்து, நடுவில் முள் நிற்பதைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். குளிர் வெளியேறிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்தச் சொல்ல என் நாக்கு எழவில்லை.

"கீழ போயிருச்சுன்னா நாங்களே சொல்லிருவோம் கண்ணு," என்றார் சரோஜாக்கா.

"நீங்க சொல்ல வேண்டாங்க்கா," என்றார் பழனியம்மா. "நான் வர்றப்பல்லாம் தொறந்து காட்டுங்க, போதும்."

பிறகு நிமிர்ந்து, இடது கைச் சட்டையை மேலே சுருட்டிக்கொண்டார்.